கல்லூரியைப் பற்றி அங்கே படிப்பவரிடமே கேளுங்கள்: சமூக வலைத்தளம் வழியே சீனியர்களைக் கண்டுபிடித்துப் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீட்டில் நடக்கும் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே யாராவது கல்லூரிக்குப் போயிருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். போயிருந்தால் சித்தப்பா மகனுக்கோ அத்தை மகளுக்கோ ஒரு போன் போகும். "அந்த காலேஜ்ல மெக்கானிக்கல் நல்லா இருக்கும், இசிஇ வேண்டாம்" என்று பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். யாருமே போகாத வீட்டில் பேருந்தின் பின்பக்க விளம்பரம், பிரௌசிங் சென்டர்காரர் சொல்லும் பெயர், வாசலுக்கே வந்து நிற்கும் புரோக்கர், இவ்வளவுதான் தகவல். அந்த ஒரு போன் காலைச் சமூக வலைத்தளங்களால் ஈடுகட்ட முடியும். ஆனால் அதற்குக் கொஞ்சம் முறை வேண்டும். மனம்போன போக்கில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே போனால் விளம்பரம்தான் கண்ணில் படும்.

தரவரிசைப்படி பொறியியல் இடங்களை ஒதுக்கும் தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கை, அதாவது டிஎன்இஏவை வைத்து இதை எழுதியிருக்கிறேன். 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள், தேர்வு செய்யச் சில நாட்கள்: குழப்பம் அதிகம் உள்ள இடம் அதுதான். கலை அறிவியல் கல்லூரிக்கும் வேளாண் படிப்புக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். மாறுவது சேர்க்கை நடைமுறை மட்டும்தான்.

முதல் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு நோட்டும் கட்ஆஃப் கணக்கும் வேண்டும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்கு உங்கள் மதிப்பெண் என்ன? கடந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரியின் எந்தப் பிரிவு, எந்தச் சமூகப் பிரிவுக்கு எந்த மதிப்பெண் வரை போனது என்ற விவரம் டிஎன்இஏ தளத்திலேயே கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேரும் மாணவரின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அதனால் உங்கள் கணக்கே வேறு. பொதுப் பட்டியலின் கட்ஆஃபைப் பார்த்து நல்ல கல்லூரியை நீங்களாகவே கைவிட்டுவிடாதீர்கள்.

கிடைக்க வாய்ப்புள்ளவை, கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டியவை, நிச்சயம் கிடைப்பவை என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதுங்கள். கல்லூரிப் பெயரோடு பிரிவையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரே வளாகத்தில் ஒரு துறைக்குப் பழுத்த ஆசிரியர்களும், பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு துறைக்கு வருடத்துக்கு வருடம் மாறும் ஆசிரியர்களும் இருப்பது சாதாரணம். சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது விருப்ப வரிசையைப் பதியும்போது, நீங்கள் தேர்வு செய்வதும் கல்லூரியும் பிரிவும் சேர்ந்த ஜோடியைத்தான்.

இரண்டாம் படி: யாரைத் தேட வேண்டும்

ஒரு ஜோடிக்கு மூன்று பேர் கிடைத்தால் போதும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்: முதல் செமஸ்டரின் திணறல் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. இறுதி ஆண்டு மாணவர் ஒருவர்: பிளேஸ்மென்ட்டுக்கு எந்தக் கம்பெனி வந்தது, எத்தனை பேரை எடுத்தது என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார். படித்து முடித்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர் ஒருவர்: அங்கே படித்தது வேலையில் எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை அவரால்தான் சொல்ல முடியும். இருபது வருடங்களுக்கு முன் படித்த பெரியவர் பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் படித்த கல்லூரி இன்றைக்கு அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

லிங்க்ட்இன்னிலிருந்து தொடங்கலாம். படிப்பு, வேலை விவரங்களை மக்கள் பகிரும், பள்ளி மாணவர்களிடம் அதிகம் புழங்காத தளம் இது, ஆனால் இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. 16 வயது ஆனவர்கள் கணக்குத் தொடங்கலாம் என்பதால் பிளஸ் டூ மாணவருக்குத் தடையில்லை. கல்லூரியின் பெயரைத் தேடி அதன் பக்கத்துக்குப் போனால் 'ஆலம்னி' (பழைய மாணவர்கள்) என்ற பகுதி இருக்கும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தவர்கள் என்று குறித்துவிட்டால் அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு காட்டும். அங்கேயே உள்ள தேடல் பெட்டியில் உங்கள் ஊர்ப் பெயரையோ பள்ளிப் பெயரையோ தட்டிப் பாருங்கள். கல்வி விவரத்தில் பள்ளியையும் எழுதியவர்கள் சிலர் தென்படுவார்கள். ஒரே ஊர்க்காரர், ஒரே பள்ளி என்று தெரிந்தால் முன்பின் தெரியாதவரும் நின்று பதில் சொல்வார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நல்ல வேலை கிடைத்தவர்தான் லிங்க்ட்இன்னில் உற்சாகமாக எழுதுவார். கிடைக்காதவர் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். அதனால் அங்கே தெரியும் படம் உண்மையைவிட எப்போதும் கொஞ்சம் பிரகாசமாகவே இருக்கும். அதைச் சரிசெய்ய, வேலை கிடைக்காமல் வேறு வழி தேடிக்கொண்ட ஒருவரிடமாவது பேச முயலுங்கள். அப்படிப்பட்டவரை உங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் வழியாகப் பிடிப்பது எளிது.

இன்ஸ்டாகிராமில் கல்லூரியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அதே பக்கத்தில் மற்றவர்கள் டேக் செய்த படங்களுக்கென்று தனிப்பகுதி உண்டு. அதைத் திறங்கள். கல்லூரி நிர்வாகம் போடாத, மாணவர்களே போட்ட வகுப்பறை, கேன்டீன், லேப், ஹாஸ்டல் மாடி எல்லாம் அங்கே இருக்கும். பிறகு துறைச் சங்கம், கோடிங் கிளப், என்எஸ்எஸ், தமிழ் மன்றம் போன்றவற்றின் பக்கங்களைத் தேடுங்கள். அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். தனி ஆளுக்கு மெசேஜ் அனுப்பத் தயக்கமாக இருந்தால் கிளப் பக்கத்துக்கு அனுப்பலாம். பெண் பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பானதும்கூட. பல கல்லூரிகளுக்கு மீம் பக்கங்களும் இருக்கின்றன. மிகைப்படுத்தி எழுதுவார்கள் என்றாலும், ஃபைன், வருகைப்பதிவு, ஹாஸ்டல் சாப்பாடு என்று ஒரே குறை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் குறித்துக்கொண்டு சீனியரிடம் கேளுங்கள்.

யூட்யூபில் கட்ஆஃப் போக்கை விளக்கும் கல்வி ஆலோசகர்களின் வீடியோக்கள் உபயோகமானவை. கேம்பஸ் டூர் வீடியோக்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் கட்டண விளம்பரம் என்ற குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். குறிப்பே இல்லாமலும் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கப்பட்டவை இருக்கலாம். வீடியோவைவிடக் கீழே உள்ள கருத்துகள் முக்கியம். புதியவை முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். கூகுள் மேப்ஸ் விமர்சனங்களிலும் இதே கவனம் வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாசகத்தோடு ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்திருந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்து நீளமாக எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள். நல்லதும் கெட்டதும் கலந்து சொல்பவர்கள் அவர்கள்தான்.

ஃபேஸ்புக்கில் பழைய பேட்ச்களின் குழுக்கள் இருக்கும். அப்பா, அம்மாவுக்கு அது பழகிய இடம் என்பதால் அவர்களையே கேட்கச் சொல்லலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசல்ட் வந்ததும் கவுன்சிலிங் உதவி என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் குழுக்கள் முளைக்கும். சிலவற்றை நடத்துவது உண்மையான சீனியர்கள். வேறு சிலவற்றை நடத்துபவர்கள், மாணவரைச் சேர்த்துவிட்டால் ஒரு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டுகள். வேறுபாட்டை முதல் இரண்டு மெசேஜிலேயே கண்டுகொள்ளலாம். சீனியராக இருந்தால் "எந்தப் பிரிவு யோசிக்கிறாய்?" என்று கேட்பார். ஏஜென்ட் உங்கள் கட்ஆஃபையும் அப்பாவின் போன் நம்பரையும் கேட்பார். "இன்னைக்கு அட்வான்ஸ் கட்டினா சீட்டை பிளாக் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள். கவுன்சிலிங் இடத்தை யாராலும் முன்பணம் வாங்கி ஒதுக்கித் தர முடியாது. தரவரிசையும் நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

நான்காம் படி: கணக்கைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அம்மாவுடையது என்ற நிலை பல குடும்பங்களில் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் முன்பின் அறியாத பலர் கைக்கு அந்த நம்பர் போய்விடும். டெலிகிராமில் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, பயனர் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பிரைவசி அமைப்புக்குள் போய், உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கலாம் என்று மாற்றிவிடுங்கள்.

ரேங்க் பட்டியல் வந்த மகிழ்ச்சியில் விண்ணப்ப எண், பிறந்த தேதி எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் போடுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கவுன்சிலிங் லாகினும் ஓடிபியும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. உதவி வேண்டுமென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் டிஎன்இஏ சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள். விருப்ப வரிசையை வேறொருவர் பதிந்து லாக் செய்துவிட்டால் அந்தச் சுற்றில் மாற்ற வழியில்லை.

பெண் பிள்ளைகள் அக்காக்களிடமே பேசத் தொடங்குவது நல்லது. கல்லூரியைப் பற்றிக் கேட்க வீடியோ காலும் தேவையில்லை, உங்கள் புகைப்படமும் தேவையில்லை. யாராவது கேட்டால் உடனே பிளாக் செய்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மகள் கல்லூரி விசாரிக்க மெசேஜ் அனுப்புகிறாள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் அவளுக்கும் உங்களுக்கும் மிஞ்சுவது புரோக்கர் சொல்லும் செய்திதான்.

பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: முதல் மெசேஜ்

"ஹாய் அண்ணா, காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்பா" என்றுதான் பதில் வரும், பெரும்பாலும் அதுகூட வராது. நீங்கள் யார், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஒரே ஒரு கேள்வி: இந்த மூன்றும் இருந்தால் போதும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம் அக்கா. நான் விழுப்புரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கவுன்சிலிங்கில் உங்கள் காலேஜ் இசிஇ-யை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் தமிழ் மீடியம் என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். முதல் செமஸ்டர் மேத்ஸ் உங்களுக்கு எப்படி இருந்தது, காலேஜில் தனியாகச் சொல்லிக் கொடுத்தார்களா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும் அக்கா."

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில், குறிப்பு எழுதி அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பு உண்டு, குறிப்பின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. அதனால் அழைப்பில் ஊரையும் நோக்கத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கேள்வியை அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். செமஸ்டர் தேர்வு நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது.

ஆறாம் படி: என்ன கேட்பது

எண்ணால் பதில் சொல்லக்கூடிய, அவர் கண்ணால் பார்த்த விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேர், போன செமஸ்டரில் அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) இல்லாமல் தேறியவர்கள் எத்தனை பேர்? லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள், அதை நீங்களே தொட்டு இயக்குகிறீர்களா, ரெக்கார்டு மட்டும் எழுதுகிறீர்களா? இந்த ஆண்டு நடுவில் போய்விட்ட ஆசிரியர்கள் உண்டா?

பிளேஸ்மென்ட்டைப் பற்றி "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் பிரிவில் உங்கள் வகுப்பில் ஆஃபர் லெட்டர் கையில் வாங்கியவர்கள் எத்தனை பேர், வேலைக்கு உண்மையில் அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே பல மாதக் காத்திருப்பு இருக்கலாம். அரியர் இருந்தால் பிளேஸ்மென்ட்டில் உட்கார விடுவார்களா, பயிற்சிக்குத் தனிக் கட்டணமா என்பதும் தெரிய வேண்டும்.

பிறகு பணம். கவுன்சிலிங்கில் தெரியும் டியூஷன் கட்டணம் ஒன்று, வீட்டிலிருந்து போகும் தொகை வேறொன்று. காலேஜ் பஸ் கட்டாயமா, ஹாஸ்டல் முன்பணம் திரும்பி வருமா, யூனிஃபார்ம், புத்தகம், தேர்வுக் கட்டணம், சிறு சிறு ஃபைன்கள் என்று வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது? முதல் பட்டதாரி சலுகையும் உதவித்தொகையும் வந்து சேர எவ்வளவு காலம் பிடிக்கிறது, அதுவரை முழுத் தொகையையும் கட்டச் சொல்கிறார்களா? கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

பெண்கள் ஹாஸ்டலில் மாலை எத்தனை மணிக்குக் கதவு அடைக்கிறார்கள், லேபும் நூலகமும் அதற்குப் பிறகும் ஆண்களுக்குத் திறந்திருக்கின்றனவா என்று அக்காக்களிடம் கேளுங்கள். நான்கு வருடம் ஒரே கட்டணம் கட்டி, பாதி நேரம்தான் லேப் கிடைக்கும் என்றால் அது தெரிந்து சேர வேண்டிய விஷயம்.

கடைசியாக எல்லாரிடமும் ஒரே கேள்வி: "உங்கள் சொந்தத் தம்பி தங்கையை இந்தப் பிரிவில் சேர்ப்பீர்களா?" பதிலைவிட, பதிலுக்கு முன் வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். இதற்காகவே இந்தக் கேள்வியை மட்டும் வாய்ஸ் மெசேஜில் கேட்பது நல்லது.

ஏழாம் படி: கேட்டதை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

ஒருவர் கோபத்தில் பேசலாம், இன்னொருவர் விசுவாசத்தில் பேசலாம். கல்லூரியே கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் தெளிவு வரும். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு ஆகியவற்றை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்க்கலாம். படிப்பின் தரத்துக்குத் தரப்படும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் பொதுவாகத் தருவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி, காலக்கெடுவும் உண்டு. முகப்பில் பெரிதாக எழுதியிருந்தாலும் உங்கள் பிரிவுக்கு இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதும் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் எண்ணை இவற்றோடு நேராக ஒப்பிட முடியாது.

பலரும் கண்டுகொள்ளாத பொக்கிஷம் ஒன்று இருக்கிறது. 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃபில் கலந்துகொள்ளும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் என்ஐஆர்எஃப் என்ற இணைப்பு இருக்கும். அந்தப் பிடிஎஃபில் நான்காண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலை ஊதியம் எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். எல்லாருடைய சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம்தான் இடைநிலை ஊதியம். விளம்பரப் பலகையில் உள்ள அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம்.

கற்பனையாக ஒரு கணக்கு: 600 பேர் சேர்ந்து, 420 பேர் காலத்தில் முடித்து, 250 பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். விளம்பரத்தில் 'தகுதியுள்ளோரில் 95 சதவீதம்' என்று வரக்கூடும். உங்களுக்கு வேண்டிய கணக்கு 600இல் 250. அதாவது நூற்றுக்கு 42 பேர் அளவுதான். மேற்படிப்புக்குப் போனவர்களை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சீனியர்கள் சொன்னதை இடப்பக்கமும் ஆவணம் சொல்வதை வலப்பக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பலாம். முரண்படும் இடத்தில் இன்னொருவரிடம் கேளுங்கள், முடிந்தால் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் நின்றாலே நாலு மாணவர்கள் பேசக் கிடைப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கு

இவ்வளவையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பள்ளியிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளில் கல்லூரிக்குப் போனவர்களின் பெயர், கல்லூரி, பிரிவு, ஆண்டு இவற்றை அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியலாகத் தொகுத்து வையுங்கள். அவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, டிசம்பரிலேயே இப்போதைய பிளஸ் டூ மாணவர்களின் கேள்விகளை நீங்கள் வாங்கிக் கொண்டுபோய் அங்கே போடலாம். பிள்ளைகளின் நம்பர் யாருக்கும் போகாது, பதிலும் நம்பகமானதாக இருக்கும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் நடக்கும் 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்கு மாணவர்களை அழைத்துப் போகும் முன் இந்தப் பட்டியல் கையில் இருந்தால், பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகளே கூர்மையாக இருக்கும். கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களுக்கு 'உயர்வுக்குப் படி' என்ற வழிகாட்டி நிகழ்ச்சி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் உங்கள் பழைய மாணவர் ஒருவர் பேசினால் அரசு அலுவலர் பேசுவதைவிடச் சீக்கிரம் மனம் இறங்கும்.

இடம் கிடைத்த பிறகு

உதவிய சீனியர்களுக்கு என்ன முடிவெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தக் கல்லூரியை விட்டு வேறொன்றை எடுத்திருந்தாலும் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் வெளியிட்ட விதி. பிறகு வேறு இடம் கிடைத்து மாற நேர்ந்தால் இது உதவும்.

வகுப்பு தொடங்கும் முன்பே முதலாண்டு மாணவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் வரும். கல்லூரியின் மின்னஞ்சலிலோ துறை ஆசிரியர் வழியாகவோ வந்த குழுவில் மட்டும் சேருங்கள். சீனியர்கள் தனியாகக் குழு தொடங்கி, சுயவிவரம் எழுதிப் போடு, நள்ளிரவில் பதில் சொல் என்று மிரட்டினால் அதுவும் ராகிங்தான். அத்தகைய குழுக்களைக் கண்காணிக்கும்படி யுஜிசி 2025இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1800-180-5522 என்ற இலவச ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண் அது.